எடைக்கு வளையும் பலகை

நோர்வேயின் ஒஸ்லோவில் நான் வாங்கிய முதல் ஜோடி ஸ்கீ, அதாவது பனியில் வழுக்கிப் போகக் காலில் மாட்டும் நீண்ட பலகைகள், ஏற்றத்தில் ஏறவே இல்லை. ஒரு அடி முன்னே வைத்தால் அரை அடி பின்னே வழுக்கும். பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் சளைக்காமல் ஏறிப் போவார்கள். நான் தடத்தை விட்டு விலகி, பலகைகளைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக ஏறுவேன். பழக்கம் போதாது, பழகப் பழகச் சரியாகிவிடும் என்றுதான் அந்தப் பனிக்காலம் முழுவதும் நினைத்திருந்தேன்.

அடுத்த நவம்பரில் வேறொரு கடைக்குப் போனேன். அங்கே இருந்த முதியவர் எந்தக் கம்பெனி வேண்டும் என்று கேட்கவில்லை, உயரத்தையும் கேட்கவில்லை. "எடை எவ்வளவு?" என்றார். சொன்னேன். "உடுப்பு, சப்பாத்து, முதுகுப்பை எல்லாம் சேர்த்தா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு சமதளமான ஒரு நீண்ட மேசைப்பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் ஒரு ஜோடி ஸ்கீயை வைத்து, என்னை ஏறி நிற்கச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை என் பாதத்துக்கு நேர் கீழே, ஸ்கீக்கும் பலகைக்கும் நடுவில் செருகி முன்னும் பின்னும் இழுத்தார். தாள் தாராளமாக ஓடியது. "இப்போது முழு எடையையும் இந்தக் காலில் போடுங்கள்." போட்டேன். தாளை இழுத்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார், ஓரம் கிழிந்துகொண்டு வந்தது. "இதுதான் உங்களுடையது" என்றார்.

கையோடு கொண்டுபோயிருந்த பழைய ஜோடியிலும் அதே சோதனையைச் செய்து காட்டினார். ஒற்றைக் காலில் நின்று எவ்வளவு அழுத்தினாலும் தாள் சிக்கவில்லை. என்னைவிட 20 கிலோவாவது கூடிய ஒருவருக்கான பலகை அது. உயரத்தைப் பார்த்து விற்றார்கள், நானும் உயரத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். ஒரு முழுப் பனிக்காலம் வீணானது அதனால்தான்.

அன்றிலிருந்து ஸ்கீயை நான் ஒரு வில்லாகத்தான் பார்க்கிறேன். தரையில் வைத்துப் பாருங்கள். நுனியும் வாலும் தரையைத் தொடும், நடுப்பகுதி எழும்பி நிற்கும். லொறிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள் சுமை ஏறும்போது தணிந்து, இறங்கியதும் நிமிர்வதுபோல இதுவும் தணியும், நிமிரும். எந்த இடத்தில் வளைகிறது, எவ்வளவு எடைக்கு வளைகிறது, எந்தப் பனியில் வளைகிறது என்பதை வைத்துத்தான் ஸ்கீ வகைகளே பிரிந்திருக்கின்றன. நிறமும் பெயரும் விலையும் அதற்குப் பிறகுதான்.

ஸ்கண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டுக்கு இருந்த பெயரிலிருந்துதான் ஸ்கீ என்ற சொல் வந்தது. நோர்வேக்காரர்கள் இன்றைக்கும் அதை "ஷீ" என்றுதான் உச்சரிக்கிறார்கள். ரஷ்யாவின் வடமேற்கில் விஸ் என்ற இடத்தில் கிடைத்த துண்டுகள் ஏறக்குறைய 8,000 ஆண்டு பழையவை. சுவீடனின் கல்வ்த்ரெஸ்க்கில் கிடைத்த ஜோடிக்கு 5,000 ஆண்டுக்கு மேல் வயது. மலையில் கயிற்று வண்டியில் ஏறி வழுக்கி இறங்குவது பின்னால் வந்த பழக்கம். வேட்டைக்கும் விறகுக்கும் அடுத்த ஊருக்கும் போவதற்காகத்தான் மனிதன் இதைக் கட்டினான். அந்த நடை ஸ்கீதான் இங்கே இன்றைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்லோ மெட்ரோவின் முதலாம் இலக்கப் பாதையில் ஏறினால், ஃப்ரொங்னசெத்தரன் வரைக்கும் பெட்டி முழுக்க ஸ்கீகள் நிமிர்ந்து நிற்கும்.

நடை ஸ்கீயில் கிளாசிக் என்பது முதல் வகை. குதிகால் தூக்கியே இருக்கும், சப்பாத்தின் முன்நுனி மட்டும் பூட்டியிருக்கும். இயந்திரம் போட்டுவிட்ட இரட்டைத் தடத்தில் இரண்டு பலகையும் நேராக ஓடும். அதன் அடிப்பாகத்துக்கு இரண்டு வேலை. நுனியும் வாலும் வழுக்க வேண்டும். நடுப்பகுதி பனியைப் பிடிக்க வேண்டும். எடை இரண்டு காலிலும் பகிர்ந்திருக்கும்போது வில் நிமிர்ந்து நிற்கிறது, நடுப்பகுதி பனியைத் தொடாமல் மேலே இருக்கிறது, வழுக்குகிறோம். ஒரு காலில் முழு எடையையும் போட்டு உந்தும்போது வில் தணிகிறது, நடுவில் பூசிய மெழுகு பனித்துகளைக் கவ்வுகிறது, அந்தப் பிடியில் முன்னே போகிறோம். வில் உங்கள் எடைக்குத் தணியாவிட்டால் பிடியே கிடைக்காது. எனக்கு நடந்தது இதுதான். ரொம்ப இலகுவாகத் தணிந்துவிட்டால் மெழுகு எப்போதும் பனியில் உரசிக்கொண்டிருக்கும், இறக்கத்தில்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

உயரத்தோடு 15 முதல் 25 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தேடத் தொடங்குவதற்கு அது போதும். ஆனால் ஒரே நீளத்தில் மென்மையாகவும் விறைப்பாகவும் பலகைகள் வருகின்றன என்பதால் தாள் சோதனைதான் கடைசித் தீர்ப்பு. நல்ல கடைகளில் ஒவ்வொரு ஜோடியிலும் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரைக்கும் என்று எழுதியே ஒட்டியிருப்பார்கள்.

மெழுகைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். குளிர் கூடினால் பச்சை, அதற்குக் கொஞ்சம் குறைந்தால் நீலம், பூச்சியத்தை நெருங்கினால் ஊதா, ஈரப்பனிக்குச் சிவப்பு. பனி உருகி மறுபடி இறுகிக் கண்ணாடிச் சில்லுப்போல் ஆகிவிட்டால் கிளிஸ்டர் என்று குழாயில் வரும் பசை. பலாப்பழம் வெட்டிய கையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பால்தான் இது: கையில், உடுப்பில், காரின் இருக்கையில் எல்லாம் ஒட்டும். ஒஸ்லோ போன்ற இடத்தில் காலையில் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை, மதியம் மேலே ஒரு பாகை என்று மாறும். காலையில் பூசிய மெழுகு மதியத்துக்கு ஒத்துவராது. அதனால்தான் நடுப்பகுதியில் மொஹேர் ஆட்டு மயிர்ப் பட்டை ஒட்டிய ஸ்கீகள் இத்தனை பரவின. ஃபெல்லெஷீ என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். பட்டையின் மயிர் ஒரு திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். வேலை முடிந்து வந்து இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம் போய்வர நினைக்கிற ஆளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெழுகு நன்றாகப் பிடித்த நாளின் சுகம் இதில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் மெழுகு பிழைத்த நாளின் வேதனையும் கிடையாது. அடிப்பாகத்தில் மீன் செதில்போல வெட்டிய மலிவான வகையும் உண்டு. ஈரப்பனியில் நன்றாகவே பிடிக்கும், இறக்கத்தில் ஒருவித இரைச்சலோடு மெதுவாக ஓடும்.

ஸ்கேட்டிங் வகை 1980களில் பந்தயங்களில் பரவியது. வாத்து நடப்பதுபோல இரண்டு பலகையையும் விரித்து, ஓரத்தால் உந்தி உந்திப் போவது. பிடிமெழுகே தேவையில்லை, பலகை முழுவதும் வழுக்க வேண்டும். அதனால் இது கிளாசிக்கைவிடக் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும், கணுக்காலைத் தாங்கும் உயரமான சப்பாத்து வேண்டும், அகலமாகச் செப்பனிட்ட பாதை வேண்டும். மூச்சு வாங்கும். முதல் ஜோடியாக இதை வாங்க வேண்டாம்.

தடமே போடாத மலைவெளிக்குப் போகிறவர்களுக்கு அகலமான, ஓரத்தில் எஃகு பதித்த ஃபியெல்ஷீ இருக்கிறது. நோர்வே ஆராய்ச்சிப் பயணி நான்சன் 1888இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தது இதன் மூதாதையான பலகைகளில்தான். பொதியோடு போவதால் பொதியின் எடையையும் சேர்த்தே வில்லைப் பார்க்க வேண்டும். முன்நுனியைக் கவ்வும் பழைய பூட்டுக்கு இங்கே ரொத்தேஃபெல்லா என்று பெயர், எலிப்பொறி என்று அர்த்தம். 1927இல் ப்ரூர் வித் என்பவர் கண்டுபிடித்தது. அதன் பெயரில் இருக்கும் நிறுவனம் இன்றைக்கும் பூட்டுகள் செய்கிறது.

இனி மலைச்சரிவில் இறங்கும் அல்பைன் ஸ்கீ. பனிச்சறுக்கு என்றதும் எல்லோர் மனதிலும் வருகிற படம் இதுதான். இங்கே குதிகாலும் பூட்டியிருக்கும், ஏற்றத்துக்குக் கயிற்று வண்டி இருக்கிறது. பிடித்து ஏறும் தேவை போய்விட்டது, திரும்பும் தேவை வந்துவிட்டது. அதே வில் இங்கே வேறு விதமாக வேலை செய்கிறது.

நோர்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற சிறு ஊரில் 1825இல் பிறந்த சொந்த்ர நோர்ஹைம் என்ற ஏழைக் குடியானவர், ஸ்கீயின் நடுவை இடுப்பாகச் செதுக்கினார், குதிகாலைச் சுற்றிக் கொடியால் கட்டினார். 1868இல் தலைநகருக்கு வந்து அவர் குதித்ததையும் வளைந்து திரும்பியதையும் பார்த்துத்தான் நகரத்தார் வியந்தார்கள். அந்த இடுப்பு எதற்கு? ஒரு அல்பைன் ஸ்கீயை மேசைமேல் ஓரமாகச் சரித்து வையுங்கள். நுனியும் வாலும் மேசையைத் தொடும், இடுப்பு தொடாது. நடுவில் கையால் அழுத்துங்கள். பலகை வளைந்து ஓரம் முழுவதும் மேசையில் படியும். அப்போது அந்த ஓரம் ஒரு வட்டத்தின் துண்டாகிவிடுகிறது. பனியில் சரித்து நின்றால் உங்கள் எடையே அந்தக் கை. பலகை தானாக அந்த வட்டத்தில் திரும்பும்.

ஆனால் அந்த இடுப்பு நூறு ஆண்டுக்கு மேல் மிக மெலிதாகவே இருந்தது. இதற்கிடையில் பலகை மாறிக்கொண்டே வந்தது. 1920களில் எஃகு ஓரம் வந்தது. 1950இல் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரத்தை வைத்து ஒட்டி விற்கத் தொடங்கினார். நீளம் மட்டும் குறையவில்லை: கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மணிக்கட்டுவரை எட்ட வேண்டும், அதாவது இரண்டு மீட்டருக்கு மேல். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் 1993 அளவில் நுனியும் வாலும் நன்றாக அகன்று இடுப்புச் சிறுத்த எஸ்.சி.எக்ஸ் என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் எல்லாக் கம்பெனியும் அந்த வடிவத்துக்கு மாறின. பல ஆண்டு பழகினால் வருகிற திருப்பம் சில நாட்களில் வந்தது. நீளம் தாடைக்கும் நெற்றிக்கும் இடையில் வந்து நின்றது. மணிக்கட்டுக் கணக்கை இன்னும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலத்து ஸ்கீக்கு அது சரியான கணக்குத்தான், இப்போதையதுக்குப் பொருந்தாது.

ஸ்கீயின்மேல் 121-68-103 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். நுனி, இடுப்பு, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். பக்கத்தில் ஆர் என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும், 13 என்று வைத்துக்கொள்வோம். சரித்தால் பலகை போடும் வட்டத்தின் ஆரம் 13 மீட்டர் என்று பொருள். 12, 13 என்றால் குறுகிய வேகமான திருப்பங்கள். 17, 18 என்றால் அகன்ற நிதானமான திருப்பங்கள். இவற்றில் நான் முதலில் பார்ப்பது நடுவில் இருக்கும் இடுப்பின் எண்ணை. எந்தப் பனிக்கான பலகை என்பதை அது சொல்லிவிடும்.

இரவில் இயந்திரம் உழுது இறுக்கிய சரிவில் மட்டும்தான் ஓட்டுவீர்கள் என்றால் இடுப்பு 65 முதல் 80 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஓரம் பாதத்துக்கு நேர் கீழே இருப்பதால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றுவது சுலபம், இறுகிய பனியில் பிடிக்கும். 80 முதல் 100 வரைக்கும் ஆல்-மவுண்டன் வகை. காலையில் செப்பனிட்ட சரிவு, மதியம் கலைந்துபோன பனி, ஓரங்களில் கொஞ்சம் புதுப்பனி என்று எல்லாவற்றுக்கும். 105க்கு மேல் ஆழமான தூள்பனிக்கு. அதற்குள் விறைப்பான ஒல்லிப் பலகை மூழ்கும், அகன்றது மிதக்கும். 2002இல் ஷேன் மெக்கான்கி என்ற வீரர் நீர்ச்சறுக்குப் பலகையிலிருந்து யோசனை எடுத்து, வில்லையே தலைகீழாக்கி, நுனியும் வாலும் மேல்நோக்கி வளைந்த ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயை வெளிக்கொண்டுவந்தார். அந்த வளைவை ராக்கர் என்கிறார்கள். இன்று பெரும்பாலான பலகைகளில் நுனியில் கொஞ்சம் ராக்கரும் காலடியில் பழைய வில்லும் சேர்ந்தே இருக்கின்றன. நுனி தரையைத் தொடாததால் ராக்கர் கூடிய பலகையை ஐந்து பத்து சென்டிமீட்டர் நீளமாக எடுக்கலாம்.

காஷ்மீரின் குல்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கயிற்று வண்டியின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம்வரை ஏற்றிவிடுகிறது. மேலே இருப்பது செப்பனிடாத ஆழமான தூள்பனி. படங்களில் இடுப்புவரை பனிக்குள் போகிறவர்கள் மாட்டியிருப்பது அகலமான ஸ்கீ. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முதல்முறை போகிறவர் அகல ஸ்கீதான் வேண்டும் என்று கேட்டால் அது தவறு. அவர் முதல் ஐந்து நாளும் நிற்கப்போவது கீழே இருக்கும் சிறிய சரிவில். அங்கேயானாலும், உத்தராகண்டின் அவுலியின் சரிவிலானாலும் அவருக்கு வேண்டியது தாடையளவு நீளம், 75 சொச்சம் இடுப்பு, மெத்தென்று வளைகிற பலகை.

மெத்தென்று என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ஸ்கீயின் உள்ளே பாப்லர், பீச், ஆஷ், பவுலோனியா போன்ற மரங்கள் இருக்கும். விலை கூடிய பலகைகளில் டைட்டனல் என்ற அலுமினியக் கலவைத் தகடும் சேரும். தகடு சேர்ந்தால் வேகத்தில் அதிராது, ஆனால் வளைக்க எடையும் பலமும் வேண்டும். 55 கிலோ உள்ள ஒருவர் பந்தய வீரர்களுக்கான பலகையில் ஏறினால் அது வளையவே வளையாது, வளையாத ஸ்கீ திரும்பாது, நேராகத்தான் போகும். அதைத் தன் பயம் என்று நினைத்து மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொண்ட பிறகும் உதவும் என்று உயர்ந்த ரகத்தை முதலிலேயே வாங்குவது சிக்கனம்போலத் தோன்றும், ஆனால் கற்றுக்கொள்வதையே அது கெடுத்துவிடும். பெண்களுக்கான ஸ்கீ என்று விற்பதும் பெரும்பாலும் எடை குறைந்தவருக்கு ஏற்ற இலகுவான பலகைதான். எடை குறைந்த ஆணும் எடுக்கலாம், பலமாக ஓட்டுகிற பெண் தகடு வைத்ததை எடுக்கலாம்.

பணம் அளவாக இருந்தால் அல்பைனில் முதலில் வாங்க வேண்டியது சப்பாத்து. ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம். உங்கள் கால் அச்சில் படிந்த சப்பாத்தை எடுக்க முடியாது. அளவு மொண்டோ பாயிண்ட் கணக்கில் வரும், அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் கால் வையுங்கள். விரல்நுனி முன்னே தொடும்போது குதிகாலுக்குப் பின்னே ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பெரிது. கடையில் சுகமாகத் தெரியும், சரிவில் கால் உள்ளே ஆடும், நீங்கள் திரும்பினாலும் ஸ்கீ திரும்பாது.

பூட்டை ஒருபோதும் நீங்களாகத் திருகாதீர்கள். விழும்போது காலை விடுவிப்பது அதன் வேலை. எவ்வளவு பலத்தில் விட வேண்டும் என்பது எடை, உயரம், வயது, சப்பாத்துத் தட்டின் நீளம், ஓட்டும் விதம் ஆகியவற்றை வைத்து அட்டவணையில் பார்த்து வைக்கிற எண், டின் எண் என்பார்கள். கடையில் ஓட்டும் விதத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்பார்கள். ஒன்று என்றால் நிதானமாக ஓட்டுபவர். தொடங்குகிறவர் தயங்காமல் ஒன்று என்று சொல்லுங்கள், எடையையும் குறைத்துச் சொல்லாதீர்கள். எண் கூடிப்போனால் விழுந்தாலும் பூட்டு விடாது, குறைந்துபோனால் ஓடும்போதே விட்டுவிடும்.

கயிற்று வண்டி இல்லாமல் ஏறி இறங்கும் டூரிங் ஸ்கீ மூன்றாவது உலகம். அடியில் ஒட்டும் நீளப் பட்டை, ஏறும்போது குதிகால் தூக்கிக்கொள்ளும் ஊசிப்பூட்டு, எடை குறைந்த பலகை. மலையிலிருந்து பனி சரிந்து விழும் ஆபத்தைக் கணிக்கத் தெரியாமல், பனியில் புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, ஆழம்பார்க்கும் கோல், மண்வெட்டி இல்லாமல், தெரிந்த துணை இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். எந்தப் பலகை என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

பழையதாக வாங்குவதில் தவறில்லை. இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும் சந்தைகளில் நல்ல ஜோடிகள் கிடைக்கும். அடிப்பாகத்தில் கீறல் இருந்தால் பரவாயில்லை, நிரப்பலாம். எஃகு ஓரம் வெடித்திருந்தாலோ, பக்கவாட்டில் அடுக்குகள் பிரிந்து நகம் நுழைந்தாலோ விட்டுவிடுங்கள். இரண்டு பலகையையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் இடைவெளியே இல்லாத நடை ஸ்கீ என்றால் வில் செத்துவிட்டது. பூட்டு மிகப் பழையதாக இருந்தால் பல கடைகளில் அதைச் சரிசெய்து தர மறுப்பார்கள், வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வளருகிற பிள்ளை, அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் போடட்டும் என்று பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாக எடுப்போம். பள்ளியில் ஸ்கீ நாள் என்று கடிதம் வந்ததும் இங்கே தமிழ்ப் பெற்றோர் பலர் ஸ்கீயையும் அப்படித்தான் எடுக்கிறார்கள். சீருடையைக் கொஞ்சம் மடித்துத் தைக்கலாம். 40 கிலோவுக்கான பலகையை 25 கிலோப் பிள்ளை வளைக்க முடியாது. அது ஏற்றத்தில் பின்னே வழுக்கும், கூட்டாளிகள் முன்னே போய்விடுவார்கள், வீட்டுக்கு வந்து இனிப் போகமாட்டேன் என்று அழும். தொடங்குகிற பிள்ளைக்குத் தன் உயரமளவு, மிஞ்சினால் 10 சென்டிமீட்டர் கூட இருந்தால் போதும். சப்பாத்து, குளிருடுப்பு எல்லாம் போட்டுப் பிள்ளையை வீட்டுத் தராசில் நிறுத்தி, எடையை ஒரு துண்டில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோங்கள். வருடா வருடம் வாங்க முடியாது என்றால் வாங்கவே வேண்டாம். நோர்வேயில் பல ஊர்களில் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் தரும் புஆ நிலையங்கள் இருக்கின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொரு ஜோடி எடுத்துவரலாம்.